ஒப்படைப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வாழ்வு, தொழில், உலகம் ஆகியவை பற்றி நாலு வார்த்தை சொல்லுக என்று செயலாளர் பணித்தார். மூன்றும் கடல் போன்றவை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்த நம் போன்றோர் கடலை அளக்கப் புகுவது தகாது. ஆயினும், கரையில் நிற்பவன் தன் கைக்கு எட்டிய நீரைப் பற்றிச் சொல்லலாம் அன்றோ? நம் கைக்கு எட்டியது இருப்புப்பாதை. ஆதலின் அதன் வழியாகவே இம்மூன்றையும் காண முயல்வோம்.

ரயில்வேயில் நாள்தோறும் பலமுறை வழங்கும் சொல் ஒன்று உண்டு. "சார்ஜ் கொடுத்தாயிற்றா?" "சார்ஜ் வாங்கியாயிற்றா?" என்று கேட்பார்கள். முறை மாறும் வேளையில், போகிறவர் தம் பொறுப்பை வருகிறவரிடம் ஒப்படைப்பதே அது. நிலைய அதிகாரி முதல் கடவுப்பாதைக் காவலர் வரை இதற்கு விலக்கானவர் எவரும் இல்லர். எட்டு மணி நேரம் செம்மையாக உழைத்தவரும் இந்த ஐந்து நிமிடத்தில் அசட்டையாக இருந்தால், உழைத்ததெல்லாம் வீணாகும். ஒரு மனிதர் தம் வேலையை உண்மையிலேயே நேசிக்கிறாரா என்பதை அவர் வேலை செய்யும் விதத்தைக் காட்டிலும், அதை ஒப்படைக்கும் விதம் நன்கு காட்டும் என்பது நம் எண்ணம்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். கெட்டி அட்டையில் அச்சிட்ட சிறு பயணச்சீட்டை இங்குள்ள பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். கணிப்பொறிச் சீட்டு வருமுன் நாடெங்கும் அதுவே வழங்கியது. அதனைக் கண்டுபிடித்தவர் கல்லூரியில் பயின்ற விஞ்ஞானி அல்லர். தாமஸ் எட்மண்ட்சன் என்னும் ஆங்கிலேயர். மரச்சாமான் செய்யும் தச்சுத் தொழில் பயின்றவர். வாணிகத்தில் நொடித்துப்போய், 1836ஆம் ஆண்டில் நியூகாசில்–கார்லைல் இருப்புப்பாதையில் மில்டன் என்னும் சிறு நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். அக்காலத்தில் ஒவ்வொரு பயணிக்கும் சீட்டைத் தாளில் கையால் எழுதிக் கொடுக்கவேண்டும். வரிசை நீளும், கணக்கைச் சரிபார்ப்பதும் எளிதன்று. எட்மண்ட்சன் அட்டைத் துண்டுகளில் ஊர்ப்பெயரை முன்னரே அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுத்தார். தேதி குத்துவதற்கு ஒரு பொறியும் செய்தார்.

அந்த வரிசை எண்ணில்தான் நுட்பம் இருக்கிறது. ஓர் ஊருக்குரிய அடுக்கில் காலையில் முதலில் நின்ற சீட்டின் எண் 412 என்று கொள்வோம். மாலையில் முதலில் நிற்பது 467. அப்படியானால் விற்றவை 55. அதற்குரிய பணம் பெட்டியில் இருக்கவேண்டும். போகிறவர் இறுதி எண்ணை எழுதிக் கையொப்பமிடுவார்; வருகிறவர் அவ்வெண்ணிலிருந்து தொடங்குவார். இருவருக்கும் பகை இருந்தாலும் நட்பு இருந்தாலும் எண் ஒன்றுதான். ஒருவர் விட்ட இடம் எதுவென்று மற்றவருக்கு ஐயமின்றித் தெரியும். நொடித்துப்போன ஒரு தச்சர் உலகத்து எழுத்தர்களுக்கெல்லாம் அளித்த கொடை இது.

இனி, பாதையைப் பாருங்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வரலாகாது. 1874ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் நார்விச் நகரை அடுத்த தார்ப் என்னுமிடத்தில் அவ்வாறு வந்த இரு வண்டிகள் மோதி 25 பேர் மாண்டனர். தந்திச் செய்தி பற்றி நிலையத்தார் இருவரிடையே நேர்ந்த குழப்பமே காரணம். அதன்பின் எட்வர்டு டையர் என்பவர் 1878இல் ஒரு கருவி அமைத்தார். இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஓர் அடையாள வில்லையை எடுத்துவிட்டால், அது மறுபடியும் ஏதேனும் ஒரு பெட்டிக்குள் போடப்படும் வரையில் இரண்டாவது வில்லை வெளிவராது. அவ்வில்லை கையில் இருந்தால்தான் ஓட்டுநர் வண்டியை நகர்த்தலாம்.

நம் நாட்டில் இந்த வழியில் வந்த எஃகுப் பந்து டோக்கனை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பெரிய வளையத்தில் தொங்கும் பையில் அதை வைத்து, ஓடும் வண்டியின் ஓட்டுநர் கையிலே கோக்கும்படி நிலைய ஊழியர் நீட்டுவார். இன்று பல பாதைகள் இரட்டையாகிவிட்டன. டோக்கன் இன்றியே இயங்கும் முறைகளும் வந்துவிட்டன. ஆயினும் அந்தப் பந்து கற்பிக்கும் பாடம் பழையதாகவில்லை. ஓட்டுநர் அடுத்த நிலையத்தாரின் முகத்தை அறியார். வண்டியில் உறங்கும் ஆயிரம் பேர் இருவரையும் அறியார். கையிலிருந்து கைக்கு முறையாக ஒரு பொருள் மாறியது என்னும் ஒன்றையே நம்பி அத்தனை பேரும் உறங்குகின்றனர்.

இதில் தவறினால் வருவது என்ன என்பதையும் நாம் கண்டோம். 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், ஒடிசாவில் பாலசோரை அடுத்த பாகாநாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி நேர்ப்பாதையில் செல்லாமல் கிளைப்பாதையில் புகுந்து, அங்கு நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னர் எப்போதோ சமிக்ஞைச் சுற்றில் செய்த மாற்றத்தில் நேர்ந்த குறைகளும், லெவல் கிராசிங்கின் தடுப்பை மாற்றும் பணியில் நேர்ந்த குறைகளும் காரணம் என்று அவ்வாண்டு நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. 'முன்னர் எப்போதோ' என்பதை நினைத்துப் பாருங்கள். ஒருநாள் செய்த வேலையின் குறை, வேறொரு நாளில் அவ்வழியே வந்தவர்களின் உயிரைக் குடிக்கக் காத்திருந்தது. ஒரு கம்பியைத் தொடுகின்ற கை, அடுத்து அதைத் தொடப்போகும் கையை நினைக்கவேண்டும். ஊழியர் எவராயினும், துறை எதுவாயினும், இதனை வேதவாக்காகக் கொள்ளுதல் வேண்டும்.

பொறுப்பு என்பது கீழே இருப்பவர்க்கு மட்டும் உரியதன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், அரியலூர் அருகே வெள்ளத்தால் பாலம் பழுதுற்று, தூத்துக்குடி விரைவு வண்டி மருதையாற்றில் வீழ்ந்தது. 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது ரயில்வே அமைச்சராயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. பாலத்தை அவர் கட்டவில்லை. வெள்ளத்தை அவர் அனுப்பவில்லை. ஆயினும், அறவழியில் அப்பொறுப்பு தம்முடையதே என்று கூறிப் பதவியைத் துறந்தார். வாங்கிய பொறுப்பின் எடையை அறிந்தவர் அவர். அதனால்தான் பதவியை விட்ட அச்செயலே அவருக்கு என்றும் நீங்காப் பெருமை தந்தது.

தொழிலைவிட்டு உலகத்தைச் சற்றுப் பார்ப்போம். உலகம் ஒன்றுபடுவது பெரிய மாநாடுகளால் மட்டுமன்று; கடிகாரத்தாலும் ஒன்றுபடுகிறது. ஒரு காலத்தில் இந்நாட்டின் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நேரம் இருந்தது. பம்பாயில் நண்பகல் ஆகும்போது கல்கத்தாவில் ஒரு மணி கடந்துவிடும். இருப்புப்பாதைகள் பெருகியபோது, எவ்வூர் நேரத்தைக் கொண்டு கால அட்டவணை அச்சிடுவது என்னும் சிக்கல் எழுந்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாய் அமைந்தது சென்னை. அங்கு வானாய்வுக்கூடம் இருந்தது. 1802ஆம் ஆண்டிலேயே அங்கு நேரம் கணித்து வைத்திருந்தனர். ஆகவே இந்தியாவின் இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தை ஏற்றன. அது கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. லாகூரில் ஏறுபவனும் கல்கத்தாவில் இறங்குபவனும் சென்னைக் கடிகாரத்தைப் பார்த்து நடந்த காலம் அது!

இதைக் கேட்டு நம் தோள்கள் சற்று உயரலாம், தவறில்லை. ஆனால் பின்னர் நிகழ்ந்ததையும் கேளுங்கள். 1906ஆம் ஆண்டு முதல், 5 மணி 30 நிமிடம் முற்பட்ட இந்தியப் பொது நேரம் வந்தது. சென்னை தன் நேரத்தைப் பொது நேரத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஒன்பது நிமிடம்தான் வேறுபாடு. கல்கத்தா 1948 வரையும், பம்பாய் 1955 வரையும் தத்தம் நேரத்தை விடவில்லை. எதைப் பிடித்துக்கொள்வது, எதை விட்டுக்கொடுப்பது என்பதை அறிவதும் ஒப்படைப்பில் ஒரு பகுதி. கடிகாரத்தை விட்டுக்கொடுத்ததால் சென்னை சிறுமைப்பட்டுவிடவில்லை.

இப்போது நம் வாழ்வுக்கு வருவோம். நாம் வாழும் இந்த நாகபுரியில், தில்லி–சென்னைப் பாதையும் மும்பை–ஹௌராப் பாதையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. இங்கிருந்து சென்னை ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். தில்லியும் ஏறத்தாழ அவ்வளவே. 1929இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் விரைவு வண்டி இன்று தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இவ்வழியாக ஓடுகிறது. அவ்வண்டி நிலையத்தில் நிற்கும் சில நிமிடத்தில் நடைமேடையில் எங்கோ ஒரு தமிழ்க் குரல் கேட்கும். நாம் திரும்பிப் பார்ப்போம். பாதி வழியில் வாழ்பவர் நாம். வடக்கும் நமக்கு அயலன்று. தெற்கும் முழுமையாய் நம் கையில் இல்லை.

நம் காலனியின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஓய்வு பெற்றோ மாற்றலாகியோ செல்லும் குடும்பம் சாவியை ஒப்படைக்கும் நாளில், விளக்கு எத்தனை, விசிறி எத்தனை, குழாய் எத்தனை என்று எண்ணி எழுதிக் கையொப்பம் வாங்குவார்கள். கொல்லையில் நிற்கும் முருங்கையை எவரும் எண்ணுவதில்லை. அது எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனால் அடுத்து வரும் குடும்பம் பல்லாண்டுகள் உண்பது அம்மரத்தின் காயைத்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதன் கீரை செல்கிறது. படிவத்தில் ஏறாதவற்றையும் ஒப்படைத்துச் செல்பவனே நன்கு வாழ்ந்தவன் என்போம்.

அவ்வாறு ஒப்படைத்தவர்கள் நம் முன்னோரில் உண்டு, அயலாரிலும் உண்டு. நாம் மராட்டி பேசும் மக்களிடையே வாழ்கிறோம். தஞ்சையை 17ஆம் நூற்றாண்டு முதல் 1855 வரை ஆண்டவர்கள் மராட்டிய மரபினர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அம்மரபில் வந்த இரண்டாம் சரபோசி மன்னர் சரசுவதி மகால் நூலகத்தைப் பேணி வளர்த்தார். வடமொழி, மராட்டி, தெலுங்குச் சுவடிகளோடு தமிழ்ச் சுவடிகளும் அங்கே காக்கப்பட்டன. மராட்டியைத் தாய்மொழியாகக் கொண்ட அரசர் நம் மொழியின் ஏட்டையும் தம் பொறுப்பாகக் கருதினார். அந்நன்றியை நாம் இம்மண்ணில் மராட்டி மொழியை மதித்தும் கற்றும் செலுத்துதல் தகும்.

மற்றொரு பக்கமும் உண்டு. எத்தனையோ தமிழ்ச் சுவடிகள் தீக்கும் ஆற்றுக்கும் கறையானுக்கும் இரையாயின. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடி, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். அவர் தேடிச் சென்ற சில இடங்களில், சுவடிகள் முன்னரே அழிந்த செய்தியே கிடைத்தது. அழித்தவர்கள் தமிழின் பகைவர்களா? அல்லர். தமிழ் பேசிய நல்ல குடும்பத்தினரே. தந்தை படித்தார், மகனுக்குப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரியாதவனுக்கு அது பழைய ஓலை. இடத்தை அடைக்கும் குப்பை. ஒரே ஒரு தலைமுறை ஒப்படைக்கத் தவறினால் போதும். ஆயிரம் ஆண்டுச் செல்வம் குப்பையாகிவிடும்.

அன்பர்களே! இச்செய்தி நம் காலனிக்குப் புறம்பானதன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் இந்தியும் மராட்டியும் ஆங்கிலமும் நன்கு படிக்கிறார்கள், மகிழ்ச்சியே. ஆனால் பாட்டி தன் கைப்பட எழுதிய நாலு வரியைக் கொடுத்தால், அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்கிறார்கள். கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். பிள்ளைகளைக் கடிவதால் பயனில்லை. கொடுக்காத பொருளைப் பெறவில்லையென்று வாங்குகிறவனைக் குறை சொல்வது எந்தக் கணக்கில் சேரும்? இறுதி எண்ணை எழுதிக் கையொப்பமிட வேண்டியவர்கள் நாம்.

"தமிழ் படித்தால் இங்கே வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. கிடைக்காது, அதை மறைப்பானேன்? முருங்கையை நட்டதற்காக எவருக்கும் சம்பள உயர்வு கிடைத்ததில்லை. ஆனால் நாம் ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பலாம். பிள்ளைகள் விடுமுறைக்கு அங்கு வரலாம். தாத்தாவின் ஊருக்குச் செல்லும் பேருந்தின் பலகையைப் படிக்க இயலாமல், அடுத்தவரைக் கேட்டு நிற்கும் பேரப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அப்பிள்ளைக்கு அவ்வூர் உறவினர் ஊராகவே இருக்கும். தன் ஊராக இராது.

எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. மீட்டர் பாதை பெரும்பாலும் போயிற்று. அகலப் பாதை வந்தது. சென்னை சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு எழும்பூருக்கு ஓடிச் சிறிய வண்டியைப் பிடித்த காலத்தை எண்ணி யாரும் அழுவதில்லை. அதுபோல் நாம் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சில மூட்டைகளை இங்கேயே இறக்கிவிடலாம். சாதி வேற்றுமை அதில் ஒன்று. பெண் மக்களின் படிப்புக்கு வரம்பு கட்டுவது ஒன்று. பிறர் மொழியை இகழ்ந்து நகைப்பது ஒன்று. இவற்றைப் பிள்ளைகள் கையில் கொடாமல் இருப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் பேருதவி.

ஆகவே, முடிவாகச் சில வேண்டுகோள்கள். தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. ஒரு மாதத்து நாட்கள் அவை. நாளுக்கு ஓரெழுத்தாக, இரவு உணவுக்கு முன் கால்மணி நேரம் அமர்ந்தால், ஒரு மாதத்தில் அடிப்படை எழுத்துகள் முடிந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் உயிர்மெய்க் குறிகளும் கைவந்துவிடும். தீபாவளிக்குத் தொடங்கினால் தமிழ்ப் புத்தாண்டுக்குள் குழந்தை தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும். நூலில்லையே என்று சொல்லவேண்டா. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனம், வெளியில் வாழும் தமிழருக்கென்றே பாடங்களையும் நூல்களையும் இணையத்தில் வைத்துள்ளது. எந்தக் கைப்பேசியால் தமிழெழுத்து மறைகிறதென்று வருந்துகிறோமோ, அதன் வழியாகவே அது திரும்பியும் வரலாம்.

இரண்டாவது, சங்கத்தின் ஞாயிறு வகுப்பு. கற்பிப்பதற்குப் புலவர் பட்டம் வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ் போதும். அது நம்மில் பலரிடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு மணி நேரம் என்று நான்கு பேர் முன்வந்தால் மாதம் முழுவதும் வகுப்பு நடக்கும். மராட்டி, தெலுங்கு, இந்தி பேசும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் வந்து அமர்ந்தாலும் வரவேற்போம்.

மூன்றாவது, இளைஞர்களுக்கு. சங்கத்தின் கணக்குப் புத்தகமும் நூலகத்துச் சாவியும் பல ஆண்டுகளாக ஒரே சிலர் கையில் இருக்கின்றன. பெரியோர் அன்பினால்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் திடமாக இருக்கும்போதே அருகில் நின்று கற்றுக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருகிறவர் வராவிட்டால் போகிறவர் எவ்வாறு போவார்? இரண்டு முறை வேலை ஒருவர் தலையில் விழும். அவர் சோர்ந்து உறங்கிவிட்டால் விளக்கு அணைந்துவிடும்.

பெரியோர்களே! நாம் பணிபுரியும் மேசைக்கு நமக்கு முன் ஒருவர் இருந்தார்; நமக்குப் பின் ஒருவர் வருவார். நாம் வாழும் வீட்டுக்கும் அவ்வாறே. நாம் பேசும் மொழிக்கும் அவ்வாறே. இடைப்பட்ட காலம் நம்முடைய முறை. முறை முடியுமுன் எண்ணிப் பார்த்து, எழுதி வைத்து, இன்முகத்தோடு கையில் கொடுத்துச் செல்வோம்.

குழந்தைகளின் நாடகம் காத்திருக்கிறது. அதற்கு வழிவிட்டு அமைகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!